கணக்கேட்டுக்கும் கணினிக்கும் நடுவே: தருமபுரியில் வணிகத் தகவலியலின் தேவை

2023 ஜூலை 24 அன்று, தருமபுரி மாவட்டம் தொப்பூரில், கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன. செப்டம்பர் 15 அன்று திட்டம் நடைமுறைக்கு வந்தபோது தகுதி பெற்றிருந்த பெண்கள் 1 கோடியே 6 லட்சத்துக்குச் சற்று அதிகம். முகாமுக்கும் முதல் மாத உரிமைத் தொகையான ஆயிரம் ரூபாய்க்கும் இடையே இருந்தவை எட்டு வாரங்கள்கூட இல்லை.

அந்த எட்டு வாரங்களில் நடந்த வேலையைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. தகுதி பெற, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. நிலம் நன்செய் என்றால் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள் இருக்க வேண்டும். மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக்கூடாது. ஆணையில் இவை எளிய வாக்கியங்கள். அவற்றை அரசிடம் ஏற்கெனவே உள்ள பதிவேடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கக் கூடிய நிபந்தனைகளாக மாற்ற உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். அண்ணன் தம்பி இரண்டு குடும்பங்களும் ஒரே மின் இணைப்பில் இருந்தால் அந்த யூனிட் யார் கணக்கு? தாத்தா இறந்து இருபது ஆண்டுகள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருந்தால் அந்த நிலம் யாருடையது? விண்ணப்பம் ஏற்கப்படாதவர்கள் 30 நாட்களுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வழி வைத்ததும் அந்த வடிவமைப்பின் ஒரு பகுதிதான். நிர்வாகம் மட்டும் தெரிந்தவர் இந்தக் கேள்விகளைக் கேட்பார், ஆனால் தரவுத்தளத்தில் அதற்கு என்ன வழி என்று அவருக்குத் தெரியாது. நிரல் மட்டும் தெரிந்தவருக்கு இப்படியொரு கேள்வி இருப்பதே தெரியாது.

இரண்டையும் ஒரே படிப்பில் சேர்த்துக் கற்பிக்கும் துறைக்கு வணிகத் தகவலியல் என்று பெயர். மேலாண்மை, கணக்கியல், தரவுத்தளம், மென்பொருள் வடிவமைப்பு ஆகியவற்றை ஒரே மாணவர் கற்கிறார். தருமபுரி போன்ற மாவட்டத்துக்கு இந்தப் படிப்பு எதற்கு, இங்கே அது எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

இந்தத் துறையின் முன்னோடிகள் பல்கலைக்கழகத்தில் தோன்றியவர்கள் அல்லர். லண்டனில் தேநீர்க் கடைகளும் ரொட்டி ஆலைகளும் நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியைப் பின்பற்றித் தன் தேவைக்குத் தானே ஒரு கணினியைக் கட்டிக்கொண்டது. லியோ என்று பெயரிடப்பட்ட அந்தக் கணினி 1951 நவம்பரில் ரொட்டி ஆலைகளின் மதிப்பீட்டுக் கணக்கைப் போட்டது. அன்றாட வணிக வேலையைக் கணினி செய்த முதல் நிகழ்வாக அது கருதப்படுகிறது. சில ஆண்டுகள் கழித்துத் தேநீர்க் கடைகளின் தினசரிச் சரக்குத் தேவையையும் அதிலேயே ஏற்றினார்கள். ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான சரக்குப் பட்டியல் ஒன்று கணினியில் இருக்கும். கடையின் பொறுப்பாளர் பெண், இன்றைக்கு எதில் கூடுதல், எதில் குறைவு என்பதை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். முழுப் பட்டியலையும் தினமும் வாங்கிப் பதிவது வீண் என்பது, கடை எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்களுக்குத்தான் தோன்றும். அந்த முறைகளை வடிவமைத்த டேவிட் காமினர், லயன்ஸில் மேலாண்மைப் பயிற்சியாளராகச் சேர்ந்தவர்.

கல்வித் துறை பின்னால் வந்தது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் டேவிஸ் 1968 வாக்கில் மேலாண்மைத் தகவல் முறைமைகளுக்குத் தனிப் பாடத்திட்டம் தொடங்கினார். ஜெர்மனியில் 1970களில் இது தனித்துறையாகவே வேரூன்றியது. 1972இல் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து வெளியேறிய ஐந்து பொறியாளர்கள் தொடங்கிய சாப் நிறுவனம் வளர்ந்ததும் அதே மண்ணில்தான்.

வணிகம் தெரிந்தவரின் தேவையிலிருந்து மென்பொருள் பிறந்ததற்கு இந்தியாவில் மிகப் பொருத்தமான உதாரணம் தருமபுரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44 வழியே சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய பெங்களூரில் இருக்கிறது. ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிகளும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்கு வழக்குக்கு ஏற்ற மென்பொருளைத் தேடி அலுத்துப்போனார். கிடைத்தவற்றை இயக்க நிரலாளர் வேண்டியிருந்தது. கணக்குப்பிள்ளைக்கு அவை புரியவில்லை. கணிதம் படித்த தன் மகன் பாரத் கோயங்காவிடம், குறியீடுகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லாத ஒன்றை எழுதச் சொன்னார். 1986இல் தொடங்கிய அந்த முயற்சியே பின்னர் டேலி ஆனது. வவுச்சர், பேரேடு, ஐந்தொகை என்று கணக்கர் பழகிய வரிசையிலேயே டேலியின் திரை அமைந்திருப்பதற்குக் காரணம், அதைக் கேட்டவர் கணக்கு வைத்துப் பழகியவர் என்பதுதான். இன்று தருமபுரியிலோ அரூரிலோ வணிகவியல் முடித்த ஒருவர் வேலை கேட்டுப் போனால் முதல் கேள்வியே “டேலி தெரியுமா?” என்பதாக இருக்கிறது.

கல்வியிலும் இந்தியா இதை முன்பே யோசித்திருந்தது. ஈரோட்டில் பிறந்த கணினி அறிஞர் வி. ராஜாராமன், நாட்டுக்குத் தேவையான கணினிப் பணியாளர்களைப் பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1980களின் தொடக்கத்தில் எம்.சி.ஏ. படிப்பு உருவாக அந்தக் குழுவே காரணம். அறிவியலோ வணிகவியலோ படித்த பட்டதாரிகளை எடுத்து, நிறுவனங்கள் எப்படி இயங்குகின்றன என்பதையும் முறைமைப் பகுப்பாய்வையும் கணினியோடு சேர்த்துக் கற்பித்து, கடைசி ஆறு மாதம் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கவைப்பது அதன் நோக்கம். அது வணிகத் தகவலியலேதான். மென்பொருள் ஏற்றுமதி பெருகியபோது, வேலைச் சந்தையின் இழுப்பில் எம்.சி.ஏ. நிரலாளர்களை உருவாக்கும் படிப்பாகச் சுருங்கியது. 2020–21 கல்வியாண்டிலிருந்து மூன்றாண்டுப் படிப்பு இரண்டாண்டாகவும் குறைந்தது. நல்ல யோசனை ஒன்று நாட்டிலேயே பிறந்து, நாட்டிலேயே நீர்த்துப்போனது வருத்தத்துக்குரியது.

தருமபுரிக்கு வருவோம். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. 2004இல் கிருஷ்ணகிரி தனியே போனது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 15 லட்சத்துக்குச் சற்று மேல், எழுத்தறிவு 68.54 விழுக்காடு. மாநிலத்திலேயே அதுதான் மிகக் குறைவு. ஆகவே கல்லூரிக்கு வருபவர்களில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். தருமபுரி, அரூர், பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் ஆகிய ஊர்களில் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. செட்டிக்கரையில் 2013இல் அரசு பொறியியல் கல்லூரி வந்தது. கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன.

வணிகத் தகவலியல் என்ற பெயரில் இங்கே பட்டம் தேடினால் கிடைக்காது. ஆனால் அதன் துண்டுகள் எல்லாமே இப்பகுதிக் கல்லூரிகளில் இருக்கின்றன: பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல். இரண்டையும் சேர்க்கும் எண்ணத்தோடு பிறந்தது பி.காம். கணினிப் பயன்பாடு. அதில் ஒரு தாளில் அடக்க விலைக் கணக்கியல், இன்னொரு தாளில் சி மொழி, வேறொன்றில் இணையப் பக்க வடிவமைப்பு என்று பாடங்கள் வரும். ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்ல பாடம். ஆனால் அடக்க விலைத் தாளில் படித்ததை வைத்து ஒரு தரவுத்தளத்தை வடிவமைக்கும் வேலை எந்தத் தாளிலும் இல்லை. இரண்டு பாடமும் ஒரே மதிப்பெண் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கின்றன, அவ்வளவுதான்.

பொறியியலில் நிலை சற்று மேல். கணினி அறிவியலும் வணிக முறைமைகளும் என்ற பி.டெக். படிப்பை டி.சி.எஸ். நிறுவனம் கல்லூரிகளோடு சேர்ந்து வடிவமைத்தது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி உட்படத் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் அது நடக்கிறது. ஒரு பெரு நிறுவனத்தின் தேவையிலிருந்து உருவானது என்பதால் அதன் பார்வையும் பெரு நிறுவனத்தின் பார்வையே. உள்ளூர் மண்டி அதில் தட்டுப்படாது.

அந்த உள்ளூர்தான் இந்தக் கட்டுரையின் மையம். வணிகத் தகவலியல் என்றதும் ஓசூர் ஆலைகளும் பெங்களூர் அலுவலகங்களும்தான் கண்முன் வருகின்றன. அங்கே வேலை உண்டு, சந்தேகமில்லை. ஆனால் இந்தப் படிப்புக்கான மிகச் சிறந்த பாடப்பொருள் தருமபுரிக்குள்ளேயே, நீல அட்டை போட்ட பதிவேடுகளில் கிடக்கிறது.

தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் வரலாறு தொடங்குவதே இந்த மாவட்டத்தில்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அன்று கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கியிருந்த தருமபுரியில் 1989இல் முதல் குழுக்கள் அமைந்தன. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு, உறுப்பினர் பாஸ்புக் என்று அவர்கள் கைக்கொண்ட பதிவேட்டு முறை எளியது, ஆனால் நுட்பமானது. யாருக்கு உள்கடன், எதற்காக, யார் முன்மொழிந்தார், எந்தத் தவணை எதனால் தள்ளிப்போனது என்ற அனைத்தும் அதில் இருக்கும். குழுவின் ஊக்குநரும் பிரதிநிதியும் வங்கிக்குப் போகும்போது அந்தப் பதிவேடுகளே அவர்களின் ஈடு.

இப்போது குழுக் கணக்குகள் செயலிகளுக்கு மாறிவருகின்றன. மாற வேண்டியதுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளையின் மருத்துவச் செலவால் ஒருவர் தவணை கட்டவில்லை, குழு கூடிப் பேசி ஒரு மாத அவகாசம் கொடுத்தது என்று தீர்மானப் புத்தகத்தில் நாலு வரி எழுதலாம். செயலியில் ‘நிலுவை’ என்ற ஒரே கட்டம்தான் இருக்கிறது என்றால், குழு ஒப்புக்கொண்ட அவகாசம் வங்கியின் திரையில் தவறிய கடனாகத் தெரியும். அந்தக் கட்டத்தை இரண்டாகப் பிரிப்பது நிரலாளருக்குப் பத்து நிமிட வேலை. பிரிக்க வேண்டும் என்று சொல்ல, குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்த ஒருவர் வேண்டும்.

இதே பிழை கோடிகளில் நடந்திருக்கிறது. ஜெர்மனியின் லிடில் அங்காடி நிறுவனம் ஏழு ஆண்டுகள் உழைத்து, ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவழித்து, சாப் மென்பொருளைத் தன் சரக்கு நிர்வாகத்துக்குக் கொண்டுவர முயன்று, 2018இல் கைவிட்டது. லிடில் தன் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிட்டு வந்தது; மென்பொருளோ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. நிறுவனம் தன் வழக்கத்தை விடவில்லை, மென்பொருளை வளைத்துக்கொண்டே போனார்கள், செலவு எல்லை மீறியது. முதல் மாதத்திலேயே கேட்டுத் தீர்த்திருக்க வேண்டிய கேள்வி அது.

பாலக்கோட்டுத் தக்காளியை எடுத்துக்கொள்வோம். 2023 ஜூலையில் சென்னைச் சில்லறைக் கடைகளில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய அதே காய், வேறு மாதங்களில் பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விடப்படுகிறது. விலை ஏறியதும் எல்லோரும் நடுகிறார்கள். எல்லோர் காயும் ஒன்றாக வந்து விழுகிறது. எவ்வளவு நடவு ஆகியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. விவசாயிகளில் பெரும்பாலோர் இன்று நாற்றுகளைப் பண்ணைகளில் விலைக்கு வாங்குகிறார்கள். எந்த வாரம் எத்தனை நாற்று போனது என்பது ஒவ்வொரு நாற்றுப் பண்ணையின் விற்பனைக் கணக்கிலும் இருக்கிறது. அந்தக் கணக்குகளைத் தொகுத்தாலே, நட்டு இரண்டு மாதம் கழித்துத் தொடங்கும் வரத்தை ஓரளவு முன்கூட்டிச் சொல்லிவிடலாம். இதற்குச் செயற்கை நுண்ணறிவு தேவையில்லை, ஒரு விரிதாள் போதும். கடினமான பகுதி வேறு: ஒன்றோடொன்று போட்டி போடும் பண்ணைகள் தங்கள் கணக்கைப் பகிர ஒப்புக்கொள்ள வேண்டும், யார் எவ்வளவு விற்றார் என்பது வெளியே தெரியாதபடி தொகுப்பு மட்டும் வெளிவர வேண்டும், அது விவசாயிக்கு நடவுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். முதலாவது நம்பிக்கை சார்ந்த மேலாண்மை, இரண்டாவது தரவு வடிவமைப்பு, மூன்றாவது இரண்டும்.

தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடியில் காலம் இன்னும் நெருக்குகிறது. கூடு கட்டி முடிந்த சில நாட்களுக்குள் விற்றாக வேண்டும். நாளாக நாளாக எடை குறையும். அந்துப்பூச்சி துளைத்துக்கொண்டு வெளியேறிவிட்டால் அந்தக் கூட்டிலிருந்து முழு இழை எடுக்க முடியாது. வண்டியில் ஏற்றும் முன்பே, இங்கேயா அல்லது கர்நாடகத்தின் ராமநகரத்துக்கா என்று விவசாயி முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்கு வேண்டியது இன்றைய விலை மட்டும் அல்ல. வெண்பட்டுக்கும் மஞ்சளுக்கும் தனி விலை, போகும் செலவு, பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பனவும் வேண்டும். ஒரு மாணவி தன் இறுதியாண்டு முழுவதையும் இந்த ஒரு முடிவுக்கே செலவிடலாம், வீண் ஆகாது.

அரூர் அருகே கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. வெட்டிய கரும்பு காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சர்க்கரைச் சத்து இறங்கும். எந்தத் தோட்டத்துக்கு எந்த நாளில் வெட்டு உத்தரவு, எத்தனை வெட்டாட்கள், எத்தனை வண்டி, ஆலையின் அரைவைத் திறன் எவ்வளவு என்று ஒன்றோடொன்று பின்னிய கணக்கு அது. மேலாண்மைப் பாடநூல்களில் அட்டவணையிடல் என்ற அத்தியாயத்தில் வருவது இதுவே. தனக்கு ஏன் தாமதமாக உத்தரவு வந்தது என்று விவசாயி கேட்டால் காட்டக்கூடிய வரிசை ஒன்று இருந்தால், ஆலையின் மீது அவருக்குள்ள நம்பிக்கை கூடும்.

கேழ்வரகின் கதை சிறியது, ஆனால் சொல்ல வேண்டியது. 2023 மே மாதம் முதல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் அட்டைக்கு அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. கடையில் ஒரு மூட்டை கூடியது போலத்தான் தோன்றும். உள்ளே பார்த்தால், விற்பனை முனையக் கருவியில் புதிய பொருள், அரிசி அளவில் அதற்கேற்ற கழிவு, கிடங்கில் தனி இருப்பு, விவசாயியிடம் ஆதரவு விலையில் கொள்முதல் என்று நான்கு இடங்களில் ஒரே நேரத்தில் மாற்றம் தேவைப்படுகிறது. நான்கில் ஒன்று பிந்தினாலும் கடைக்காரர்தான் வரிசையில் நிற்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வேலைவாய்ப்பைப் பெற்றோர் கேட்பார்கள், கேட்க வேண்டும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த பிறகு சிறு கடைகளுக்கும் கணினிக் கணக்கு கட்டாயம் போல ஆகிவிட்டது. 2023 ஆகஸ்ட் முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டும் வணிகங்கள் பிற வணிகங்களுக்கு விற்கும்போது மின்னணு விலைப்பட்டியல் போட வேண்டும். ஓசூர் ஆலைகளின் கிடங்கு, கொள்முதல், உற்பத்தித் திட்டமிடல் பிரிவுகள் முழுக்க நிறுவன வள மென்பொருளில் இயங்குகின்றன. பெங்களூரில் பிசினஸ் அனலிஸ்ட் என்ற பதவியே இருக்கிறது. டேலியில் பதிவு மட்டும் போடத் தெரிந்தவருக்கும், ஒரு கடையின் கணக்கு முறையையே அமைத்துத் தரத் தெரிந்தவருக்கும் ஊதியத்தில் உள்ள இடைவெளி பெரியது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் பொருளும் உண்டு. இரண்டையும் படித்தவர் எதிலும் ஆழமில்லாத இரண்டுங்கெட்டான் ஆகிவிடுவார் என்கிறார்கள். மேலோட்டமாக எட்டு மென்பொருள்களின் பெயரைக் கற்பிக்கும் படிப்பு அப்படித்தான் ஆகும். அதற்குத் தீர்வு, கணக்கியலையும் தரவுத்தளத்தையும் ஆழமாகக் கற்பித்து, மற்றவற்றைக் குறைத்துக்கொள்வது. இரட்டைப் பதிவு முறையும் தரவுத்தள அட்டவணை வடிவமைப்பும் உறுதியாகத் தெரிந்தவர் புதிய மென்பொருள் எது வந்தாலும் சில வாரங்களில் பிடித்துக்கொள்வார். நிரலின் சாதாரணப் பகுதிகளை இயந்திரமே எழுதித் தரத் தொடங்கிவிட்ட இந்நாளில், எதை எழுத வேண்டும் என்று தெரிந்தவரின் மதிப்பு கூடத்தான் செய்யும்.

எப்படிக் கற்பிக்கலாம் என்பதற்கு முன்மாதிரி சென்னையிலேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழி தரவு அறிவியல் பட்டப்படிப்பில் வணிகத் தரவு மேலாண்மை என்றொரு பாடமும், அதையொட்டிய திட்டப்பணியும் உண்டு. தங்கள் ஊரில் உண்மையில் நடக்கும் ஒரு வணிகத்துக்கு மாணவர் போய், அதன் தரவைத் திரட்டி, அதன் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து எழுத வேண்டும். மளிகைக் கடை, மருந்துக் கடை எதுவானாலும் சரி. அந்தப் படிப்பில் சேர ஜே.இ.இ. தேர்வு தேவையில்லை; குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணத்தில் 75 விழுக்காடு வரை சலுகை உண்டு. பென்னாகரத்திலிருந்தும் சேரலாம் என்பதைப் பள்ளிகளில் சொல்ல வேண்டும்.

அரசுக் கல்லூரிகள் புதிய பட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இறுதியாண்டுத் திட்டப்பணி பல படிப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது. வணிகவியல் துறை மாணவர் ஒருவரும் கணினித் துறை மாணவர் ஒருவரும் இணைந்து ஒரே பணியைச் செய்ய இரண்டு துறைத் தலைவர்கள் உட்கார்ந்து பேசினால் போதும். கூட்டுறவுச் சங்கங்களும் பட்டுக்கூடு அங்காடியும் மகளிர் குழுக் கூட்டமைப்புகளும், பெயர்களை நீக்கிய பழைய பதிவேடுகளை மாணவர்களுக்குத் திறந்துவிட மாவட்ட நிர்வாகம் வழி செய்ய வேண்டும். 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மாணவர்கள் அந்த வேலையிலேயே கற்றுக்கொள்வார்கள். நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022இல் மத்திய அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அந்தக் கணினிகளுக்கு முன்னால் உட்கார, சங்கத்தின் கணக்கும் புரிந்து மென்பொருளும் புரிந்தவர்கள் வேண்டும். தருமபுரி, அரூர், பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் கல்லூரிகளின் வணிகவியல், கணினித் துறை ஆசிரியர்கள் வரும் கல்வியாண்டிலேயே ஆளுக்கொரு மாணவர் குழுவையாவது இத்தகைய திட்டப்பணிக்கு அனுப்பத் தொடங்க வேண்டும்.